ஒரு ஓட்டுதானே என்று இருக்கலாமா?

ஓட்டுப் போடும் நாள் வந்தால் போதும், "நான் ஒருத்தி போடாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்? சமையல் கிடக்கு, துணி கிடக்கு" என்று பல பெண்கள் இருந்து விடுகிறார்கள். ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களோ, "இன்னிக்காவது தூங்கலாம்" என்கிறார்கள். சம்பளத்தோடு அந்த லீவைச் சட்டம் கொடுத்திருப்பதே ஓட்டுப் போடத்தானே!

2021 சட்டசபைத் தேர்தலில் நம் காட்பாடித் தொகுதியில் துரைமுருகன் ஜெயித்தது வெறும் 746 ஓட்டில். 374 பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும். பெரிய ஷூ கம்பெனி ஒன்றில் வேலைக்கு வருகிற பெண்களே அதைவிட அதிகம். அப்படி ஜெயித்தவரிடம்தான் 2025 மே மாதம் தமிழ்நாட்டின் சட்டத்துறை ஒப்படைக்கப்பட்டது.

"சட்டம், கோர்ட்டு எல்லாம் நமக்கெதுக்கு?" என்று கேட்காதீர்கள். டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996ல் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு போய்ச் சேர வேண்டும் என்று 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. நடுவில் 28 வருஷத்துக்கு மேல்! பக்கத்திலேயே கிணறு இருந்தும் குடத்தோடு குடிதண்ணீருக்கு அலைவது யார்? நாம்தானே?

இப்படிப்பட்ட வழக்குகளில் மாநில அரசுக்காகப் பேசும் தலைமை வக்கீல்தான் அட்வகேட் ஜெனரல். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்தப் பதவிக்கு ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். 2022ல் அரிசோனா மாநிலத்தில் சுமார் 25 லட்சம் ஓட்டு விழுந்தும், மறுபடி எண்ணிப் பார்த்தபோது ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 280தான். நம் நாட்டில் அவரை நியமிப்பது கவர்னர், அதுவும் மாநில அரசு சொல்கிறவரை. அந்த அரசை அமைப்பது நாம் அனுப்பும் எம்.எல்.ஏ.க்கள். அதனால் வக்கீலைத் தேர்ந்தெடுப்பதும் சுற்றி வளைத்து நம் கையில்தான் இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, அடுத்த தேர்தலில் கும்பிட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறவர்களை ஆரத்தி எடுத்து அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். "பாலாற்றுக்கு என்ன செய்வீங்க? நஷ்டஈடு எல்லாருக்கும் வந்து சேருமா?" என்று நேரிலேயே கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்கிற சின்னம், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிற சின்னம் என்று இல்லாமல், அவர்கள் சொல்லும் பதிலைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். அடுப்பில் உலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். காலையிலேயே போய் ஓட்டைப் போட்டுவிட்டு வாருங்கள்.

- ஒரு வாசகி, ஆம்பூர்.