மரக்கட்டையும் அட்டைப் பெட்டியும்

1990-களின் நடுவில், கலிபோர்னியாவில் வாழ்ந்த ஜெஃப் ஹாக்கின்ஸ் என்னும் பொறியாளர், தம் சட்டைப் பைக்குள் அடங்கும்படி ஒரு மரக்கட்டையைச் சீவி வைத்துக்கொண்டு, சந்திப்புக்கு யாரேனும் நாள் கேட்டபோதெல்லாம் அதை வெளியே எடுத்து, மேலே பொருத்திய காகிதத் திரையைக் குச்சியால் தட்டி, நாட்காட்டியைப் புரட்டுபவர்போலப் பாவனை செய்துவந்தார். கண்டவர்களுக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்கும். ஆனால் 1993-ல் அவருடைய நிறுவனமும் பங்குகொண்டு உருவாக்கிய ஜூமர் என்ற கைக்கணினி, பருமனும் மந்தகதியும் உடையதாய்ச் சந்தையில் தோற்றுப்போயிருந்த நிலையில், மறுபடியும் பெரும்பொருளைக் கொட்டுவதற்கு முன்னே, ‘இத்தகைய சாதனம் கையில் இருந்தால் ஒரு நாளில் எத்தனை முறை, எதற்காக அதை எடுப்போம்?’ என்ற ஒரே கேள்விக்கு அவருக்கு விடை வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்கு மரக்கட்டை போதும். 1996-ல் வெளிவந்து பல லட்சம் பேரின் சட்டைப் பைகளில் குடியேறிய பைலட் கைக்கணினிக்கு அந்தக் கட்டையே மூதாதை.

ஒரு பொருளை உருவாக்குவதற்கு முன் செய்துபார்க்கும் மாதிரியின் சிக்கனம் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். செலவு குறைவாக இருப்பது மட்டும் சிக்கனமாகாது. எந்த ஐயத்தைத் தீர்க்க மாதிரியைச் செய்கிறோமோ அந்த ஐயத்துக்கு வேண்டிய அளவு உழைப்பை மட்டும் அதில் இட்டு, மற்றவற்றைத் துணிந்து விட்டுவிடுவதே சிக்கனம். ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள் 1983-ல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இதற்கு நல்ல திருஷ்டாந்தம். பேசப் பேச எழுத்தாக்கித் தரும் இயந்திரம் ஜனங்களுக்குப் பயன்படுமா என்று அறிய விரும்பிய அவர்கள், அந்த இயந்திரத்தைச் செய்யும் வல்லமை அக்காலக் கணினிகளுக்கு இல்லாமையால், பேசுபவரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு தட்டச்சரை அமர்த்தி, அவர் அடிக்கும் சொற்களைத் திரையில் காட்டினார்கள். சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேச நேர்ந்தாலும், சொற்களஞ்சியம் பெரிதாக இருந்தால் அப்படிப்பட்ட இயந்திரம் உபயோகப்படக்கூடும் என்பது, இயந்திரம் பிறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

இன்றோ நிலைமை வேறாகிவிட்டது. ஃபிக்மா போன்ற திரை வடிவமைப்பு மென்பொருள்களின் துணையால், அசல் செயலிக்கும் மாதிரிக்கும் பேதம் தெரியாதபடி, நிழலும் நிறமும் அசைவும் கூடிய திரைகளை ஓரிரு நாளில் ஆக்கிவிடலாம். கருவியின்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முற்றுப்பெற்றதுபோல் தோன்றும் ஒன்றைக் காட்டி அபிப்பிராயம் கேட்டால், சாதாரண மனிதர் நிறத்தையும் எழுத்தளவையும் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, ‘இந்தப் படிவமே எனக்குத் தேவையில்லை’ என்ற பிரதான ஆட்சேபத்தைச் சங்கோசத்தால் விழுங்கிவிடுகிறார். இத்தனை பேர் உழைத்துச் செய்ததைக் குறை சொல்வானேன் என்ற தாட்சண்யம் அவர் வாயைக் கட்டிவிடுகிறது; செய்தவருக்கும் அதைக் குப்பையில் போட மனம் வருவதில்லை.

பத்திரிகைத் தொழிலோடு ஒட்டிய ஒரு வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. 1981-ல் தொடங்கி, நார்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கமும், ஸ்டாக்ஹோம், ஆர்ஹஸ் நகரங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் ‘யுடோபியா’ என்ற பெயரில் ஒரு முயற்சியை மேற்கொண்டனர். பக்கம் கட்டும் வேலைக்குக் கணினி வரப்போகிறது, அது வந்தால் தலைமுறைகளாகக் கைவந்த திறமை என்னவாகும் என்ற கவலையோடு வந்த தொழிலாளர்களிடம், ஆராய்ச்சியாளர்கள் முதலில் தங்கள் சாஸ்திர முறைப்படி வரைபடங்களையும் விவரணைகளையும் நீட்டினார்கள். அவற்றைக் கொண்டு எந்தக் கம்பாசிட்டரும் தம் வேலையை எண்ணிப் பார்க்க இயலவில்லை. பிறகு அந்த ஆராய்ச்சியாளர்களில் ஒருவரான பெல்லே எஹ்ன் முதலானோர் ஒட்டுப்பலகை, அட்டை, காகிதம் ஆகியவற்றால் ஒரு போலிப் பணிமேடையை அமைத்து, திரையில் தோன்ற வேண்டியவற்றைக் காகிதத்தில் படிப்படியாக வரைந்து வைத்து, ‘பக்கத்தைக் கட்டுங்கள்’ என்றபோதுதான் அனுபவம் பேசலாயிற்று. கை வேலையில் இறங்கியதும் எது இடறுகிறது, எது காணவில்லை என்பது தானாகவே வெளிப்பட்டது. பிடிக்காத திரையைக் கிழித்துவிட்டு மறு திரை வரைவதற்குப் பேனாவே போதுமானதாக இருந்தது. அந்த மேடையருகில் ‘லேசர் பிரிண்டர்’ என்று எழுதிய வெற்று அட்டைப் பெட்டி ஒன்றும் இருந்தது. மேசைமேல் வைக்கத்தக்க அத்தகைய அச்சு இயந்திரம் அப்போது சந்தைக்கே வந்திருக்கவில்லை.

காகித மாதிரியால் எல்லாம் அறியலாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விரல் பட்டதும் திரை எவ்வளவு விரைவில் அசைகிறது, இணைப்பு அறுந்து மீளும்போது நிரப்பிய விவரங்கள் நிற்கின்றனவா என்பன போன்ற வினாக்களுக்கு, அழகே இல்லாவிட்டாலும் உண்மையில் ஓடும் ஒரு சிறு நிரலை எழுதித்தான் தீர வேண்டும்.

ஆனால் ஓய்வூதியம் பெறும் முதியவரும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவுசெய்யும் விவசாயியும் கைப்பேசியையே நம்பவேண்டிய இக்காலத்தில், அவர்களுக்கென்று செயலி செய்ய ஒப்பந்தம் வழங்கும் அரசு அலுவலகங்கள், திரைகளைப் பென்சிலால் காகிதத்தில் வரைந்து அவர்களில் பத்துப்பேர் கையிலேனும் கொடுத்துப் பார்த்ததற்கான குறிப்பேட்டை, முதல் தவணைப் பணத்தை விடுவிப்பதற்கு முன்பே ஒப்பந்தக்காரரிடம் கேட்டுப் பெற வேண்டும். அந்தக் குறிப்பேட்டில், கிழித்துப்போட்ட தாள்களும் சேர்த்து ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.