குதிரைக்கும் லேப்டாப்புக்கும் ஒரே நியாயம்

சகோதரிகளே, போன லீவில் நடந்ததைச் சொல்கிறேன். படிக்கிற பிள்ளை உள்ள வீட்டுக்கு உதவும்.

என் பிறந்த ஊர் வெள்ளகவி. நான் சிறுமியாக இருந்தபோது வட்டக்கானலிலிருந்து காட்டுப்பாதையில் இறங்கித்தான் ஊருக்கு வரவேண்டும். அரிசி, பருப்பு எல்லாம் குதிரை முதுகில் வரும்.

கல்லூரியில் படிக்கும் மகனோடு அங்கே அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளை குளிருக்குக் காலில் கம்பளியைப் போர்த்தி, அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொட்டால் சுட்டது.

"என்னடா இது, தோசைக்கல்லு மாதிரி இருக்கு?"

"ஓவர்கிளாக் பண்ணியிருக்கேம்மா. வேகமா ஓடும். இங்கதான் ஜில்லுனு இருக்கே, ஒண்ணும் ஆகாது."

அன்று ராத்திரியே அது தானாக அணைந்துவிட்டது. சேமிக்காமல் விட்டிருந்த ப்ராஜெக்ட் பக்கங்கள் போயே போச்சு. பிள்ளை முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் அவனிடமே விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். லேப்டாப்பின் மூளையான பிராசஸருக்குள் ஒரு துடிப்பு உண்டு. 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 300 கோடி துடிப்பு. கம்பெனி வைத்த அளவுக்கு மேல் அதை ஏற்றுவதுதான் ஓவர்கிளாக். பெரும்பாலான லேப்டாப்களில் இதைப் பூட்டியே வைத்திருப்பார்கள். இவனுடையது விளையாட்டுக்கென்று வந்த ரகம், பூட்டு இல்லை.

வேகத்தை ஏற்றினால் பல சமயம் மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருக்கும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் சூடு சுமார் 33 சதவீதம் கூடும்! மேஜைக் கணினியில் பெரிய ஃபேன் வைக்க இடமுண்டு. ஒல்லியான லேப்டாப்பில் ஏது? 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். ஏற்றின வேகமும் வீண்தான்.

மின்னழுத்தம் மிஞ்சினால் பிராசஸரே கெடும். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேஜைக் கணினி பிராசஸர்கள் சில இப்படிப் பழுதாகி, கம்பெனி வாரண்டியை 2 வருஷம் நீட்டியது.

மலைக்குளிரை நம்புவதும் முழுக்கச் சரியில்லை. 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும் இல்லையா? காற்று மெலிந்திருப்பதுதான் காரணம். மெலிந்த காற்று ஃபேன் வழியாகச் சூட்டையும் குறைவாகத்தான் இழுத்துப் போகும். போதாக்குறைக்குக் கம்பளி வேறு காற்றுத் துளையை அடைத்துவிட்டது.

இப்போது என்ன செய்கிறோம் தெரியுமா? வேகத்தைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டோம். லேப்டாப் பலகை மேல்தான் இருக்கும். கடையில் கொடுத்து ஃபேன் தூசியைத் துடைத்தோம். வேகம் போதாவிட்டால் ரேம் கூட்டலாம், பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்.எஸ்.டி. மாற்றலாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேமிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எங்கப்பா ஏற்றத்தில் குதிரையை ஒருநாளும் விரட்ட மாட்டார். "மூச்சு வாங்க விட்டாத்தான் வீடு வந்து சேரும்" என்பார். லேப்டாப்புக்கும் அதே நியாயம்தான், என்ன சொல்கிறீர்கள்?