அழைப்பிதழில் இல்லாத அறை

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரை கருத்தரங்குகளுக்கு உகந்த இடமென்று பெயர் பெற்றுவிட்டது. மருத்துவர்களும் கணக்காளர்களும் மென்பொருள்காரர்களும் மாமல்லபுரத்தில் கூடுகிறார்கள். அண்மைக்காலமாக இலக்கியவாதிகளும் கூடுகிறோம். அழைப்பிதழ்களில் எல்லாம் இருக்கின்றன: அமர்வுகளின் நேரம், உணவு சைவமா அசைவமா, கடற்கரைக் கோயிலுக்கு மாலையில் வண்டி, வாகனம் நிறுத்தும் இடம். இத்தனைக்கும் இடமிருக்கும் அந்தத் தாளில் ஒரேயொரு வரியை மட்டும் நாங்கள் இதுவரை கண்டதில்லை: குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை உண்டு என்னும் வரி. அதற்கு நேர்மாறான வரியை, குழந்தைகளை அழைத்து வருவதைத் தவிர்க்கவும் என்பதை, பலமுறை கண்டிருக்கிறோம்.

இது சிறிய விஷயம் என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

சென்னையில் ஒரு மாலைக் கூட்டமெனில் பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வந்து போகலாம். மாமல்லபுரமோ நகரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. விடியலில் கிளம்ப வேண்டும். பெரும்பாலும் இரவு தங்க வேண்டும். அரங்குக்கு வெளியே பிள்ளைகளை விளையாட விடலாமென்றால் அங்கே இருப்பது நீரிழுப்பு மிகுந்த, பெரியவர்களையே பலிகொள்ளும் கடல். ஆக, இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே யார் வரக்கூடும், யார் வரமுடியாது என்பதையும் நாம் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். பிறகு மேடையேறி, தமிழில் பெண்படைப்பாளிகள் ஏன் முப்பது வயதுக்குமேல் மௌனமாகிவிடுகிறார்கள் என்று கவலையோடு விவாதிக்கிறோம். அந்த மௌனத்துக்கு இலக்கியக் காரணம் தேடும் நண்பர்கள் முதலில் அரங்கின் பின்வாசலைப் பார்க்கட்டும். அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தபடி, பாதி கேட்டும் பாதி கேளாமலும் ஒரு பெண் நின்றிருப்பாள். அதே நேரத்தில் மேடையில் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஆண் எழுத்தாளரின் பிள்ளை எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அது வீட்டில் இருக்கிறது. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

இதே மாமல்லபுரத்தில், 2022 ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் 10 வரை 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. நிறைமாதக் கர்ப்பிணியாக ஹரிகா துரோணவல்லி அங்கே இந்தியாவுக்காக ஆடினார். இந்திய மகளிர் முதல் அணி வெண்கலம் வென்றது; அந்த மாதமே அவருக்கு மகள் பிறந்தாள். வளைகாப்பும் கொண்டாட்டமும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டே ஆட வந்ததாக அவர் பின்னர் எழுதினார். நாடே கைதட்டியது; நாங்களும் தட்டினோம். ஆனால் கைதட்டலில் ஒரு வசதி இருக்கிறது. வயிற்றுப் பிள்ளை அரங்கில் ஓடாது, அழாது, அறை கேட்காது. பிறந்த பிள்ளைதான் கேட்கும். அதே அணியில் ஆடிய கோனேரு ஹம்பி 2017இல் தாயானவர். 2019லும் 2024லும் உலக விரைவுச் சதுரங்க வாகையர் ஆனார். தாம் பயணம் செய்யும்போது மகளைத் தம் பெற்றோர் பார்த்துக்கொள்வதை அவர் மறைத்ததில்லை. நல்ல பெற்றோர் வாய்த்தது அவருடைய பேறு. வாய்க்காதவளின் ஆட்டம் என்ன ஆயிற்று என்பதற்கு எந்தப் பட்டியலிலும் பதிவு கிடையாது.

செங்கல்பட்டுக்கு இவ்விஷயத்தில் இன்னும் பழைய கடன் ஒன்றுண்டு. 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது அந்த ஊரில்தான். பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானங்களைப் பெண்கள் தாளில் விட்டுவைக்கவில்லை. 1938இல் தொடங்கிய இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் 73 பெண்கள் சிறை சென்றார்கள். அவர்களோடு 32 குழந்தைகளும் சென்றன. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தமிழுக்காகச் சிறைக்குள் நுழைய முடிந்தது. அதே பிள்ளையோடு இன்று தமிழ்க் கருத்தரங்கின் அரங்குக்குள் நுழைய முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியது யார்?

சட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் வெட்கம் கூடுகிறது. 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலையில் குழந்தைகளுக்கென்று அறை வேண்டுமென்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 1976இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் பணியிடத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டுமென்று விதித்தது. பெண்கள் சிறையோடு குழந்தைகள் காப்பகமும் மழலைப் பள்ளியும் இணைந்திருக்க வேண்டுமென 2006இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆலையில் நினைத்தார்கள், ஏரி வெட்டும் கரையில் நினைத்தார்கள், சிறையில்கூட நினைத்தார்கள். மனிதநேயத்தைப் பற்றி இரண்டு நாள் பேசக் கூடுகிறவர்களுக்கு மட்டும் நினைவு வரவில்லை.

செலவாகும் என்பார்கள். நினைவுப் பரிசுக்கும் பொன்னாடைக்கும் மேடை அலங்காரத்துக்கும் ஆவதைக் கணக்கிட்டுவிட்டு அதைச் சொல்லட்டும். பயிற்சி பெற்றவர்களுக்கு எங்கே போவது என்பார்கள். 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்கும் மாநிலம் இது. ஓய்வுபெற்ற பணியாளர்களில் இருவரை இரண்டு நாளுக்கு நியாயமான ஊதியத்தில் அழைப்பது மலையைப் பெயர்க்கும் வேலையன்று. அரங்கில் சத்தம் என்பார்கள். சத்தம் கூடாதென்பதற்காகத்தான் தனி அறை கேட்கிறோம். மேலும், அணைக்கப்படாத கைப்பேசிகளைப் பொறுத்துக்கொள்ளும் காதுகள் ஒரு மழலையைப் பொறுக்காமல் போய்விடாது. பாட்டியிடம் விடலாமே என்பார்கள். பாட்டியும் வாசகியாக இருக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இது எங்கள் கற்பனைக் கோரிக்கையுமன்று. அறிவியல் துறையிலுள்ள தாய்மார்களின் குழுவொன்று, கருத்தரங்குகள் குழந்தைக் காப்பகமோ அதற்கான பண உதவியோ தரவேண்டும், பாலூட்ட இடம் ஒதுக்கவேண்டும் என்னும் பரிந்துரைகளை 2018இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டது. மகளிர் 20 மாநாடு 2023 ஜூனில் கூடியது மாமல்லபுரத்திலேயே. அவ்வாண்டு செப்டம்பரில் ஜி20 தலைவர்கள் டெல்லியில் வெளியிட்ட பிரகடனம், எளிய செலவில் பராமரிப்புக் கட்டமைப்பு வேண்டுமென்றது. பிரகடனங்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அறைக்குத்தான்.

செய்யவேண்டியது எளிது. பதிவுப் படிவத்தில் உணவு விருப்பத்துக்குக் கீழே, உடன்வரும் குழந்தையின் வயது என்ன என்று ஒரு கேள்வி. ஆண்களிடமும் அதைக் கேட்க வேண்டும். அரங்குக்கு அருகே, தரைத்தளத்தில், பாய் விரித்து, குடிநீரும் கழிப்பறையும் உள்ள ஓர் அறை. ஒப்படைத்தவரிடம் மட்டுமே குழந்தையைத் திருப்பித் தரும் பதிவேடு. பாலூட்டுவதற்குத் திரைமறைவு. அமர்வுகளுக்கிடையே போதிய இடைவெளி. இவற்றை அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும். கேட்டால் தருவோம் என்பது, கேட்பவளைச் சலுகை கோருபவளாக்கிவிடும்.

பிறரைச் சுட்டும் விரல் எங்களையும் சுட்டுகிறது. நாங்கள் நடத்திய வாசகர் சந்திப்புகளிலும் வராதவர்கள் ஏன் வரவில்லை என்று விசாரித்ததில்லை. ஆர்வமில்லை என்று முடிவுகட்டினோம். அது பிழை. இனி நாங்கள் கூட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும், பத்துப் பேர் கூடுவதாயினும், அந்த அறை இருக்கும். எங்களில் ஆண்கள் இன்னொன்றையும் முடிவு செய்திருக்கிறோம். எங்களைப் பேச அழைக்கும் கருத்தரங்கின் அழைப்பிதழில் அந்த ஒரு வரி இல்லையெனில், எங்கள் பெயர்களும் அதில் இருக்கா.