அந்தச் சில்லைத் தொட்டுப் பாருங்கோ

"கொம்பியூட்டரில தட்டுறதெல்லாம் ஒரு இசையே?"

பீடத்து நாடகம் ஒன்றுக்கு லப்டொப்பில் இசை போட்டிருந்தேன். பார்க்க வந்த பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டார். கோபம் வந்தது. ஆனால் இரவு ஹெட்செட்டைப் போட்டுத் திரும்பக் கேட்டால், நான் போட்ட நாதஸ்வரம் உண்மையாகவே செத்துப்போய்த்தான் கிடந்தது.

அவர் கண்ட குற்றம் சரி. குற்றவாளிதான் பிழை.

சாம்ப்ளர் என்பது உண்மையான வாத்தியத்தின் ஒலிப்பதிவை வைத்திருந்து, சாவியை அழுத்தினால் ஒலிக்கிற மென்பொருள். திரையின் அடியில் ஒரு கீபோர்ட். அதற்கு இடப்பக்கம் பெரும்பாலும் இரண்டு சில்லுகள் இருக்கும். ஒன்று பிட்ச் வீல். மேலே இழுத்தால் சுரம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும், விட்டால் நடுவுக்குத் திரும்பும். நாங்கள் என்ன செய்கிறோம்? சாவிகளை மவுஸால் குத்திவிட்டு, சில்லைத் திரும்பியும் பார்க்காமல் எக்ஸ்போர்ட் பண்ணுகிறோம். பிறகு "கீபோர்ட்டில கமகம் வராது" எண்டு நாங்களே சொல்லித் திரிகிறோம்.

வராதா? தோடியை எடுங்கோ. அதன் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் அசையும். அந்த ரிஷபம் காந்தாரத்திலிருந்து இரண்டு அரைச்சுரம் கீழே, மத்திமம் இரண்டு அரைச்சுரம் மேலே. இனி பிட்ச் வீலைப் பாருங்கோ. நாங்கள் மாற்றாதவரை அதன் வழமையான எல்லையும் மேலே இரண்டு, கீழே இரண்டுதான். செற்றிங்ஸில் கைவைக்காமலே தோடியின் காந்தாரம் அந்தச் சில்லுக்குள் கிடக்குது! சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்க வேணுமெண்டால் எல்லையை ஏழாக்கினால் போதும். 1983 இல் வந்த மிடி நியமம் அந்தச் சில்லின் ஓட்டத்தை 16,384 படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. நாங்கள் பாவிப்பது நடுப்படி ஒன்றை மட்டும்.

"மவுஸ் ஒண்டுதானே, சாவியையும் சில்லையும் ஒண்டாப் பிடிக்கேலாதே. மிடி கீபோர்ட் வாங்கக் காசுமில்லை." நானும் சொன்ன சாட்டுத்தான் இது. கராஜ்பேண்டில் லப்டொப்பின் எழுத்துச் சாவிகளே சுரம் வாசிக்கும், 1, 2 எண்கள் சுரத்தை வளைக்கும். ஏபிள்டனிலும் எழுத்துச் சாவியால் வாசிக்கலாம். ஒரு கை சுரத்தைப் பிடிக்க, மற்றக் கை மவுஸால் சில்லை இழுக்கட்டும். அதுவும் சரிவராட்டி, வளைவைக் கோடாகக் கீறலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கோ: சாதாரண மிடியில் அந்தச் சில்லு ஒரு சனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். ஆகவே சுருதியை வேறு ட்ராக்கில் வையுங்கோ. இல்லாட்டி சுருதியும் சேர்ந்து ஆடும்.

பெரியவருக்கும் ஒரு கதை இருக்கு. கமகம் வராது என்ற இதே குற்றச்சாட்டோடுதான் 1940 இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்தது. தடை தளர 1971 ஆனது. ஆர்மோனியத்தில் சுரத்தை வளைக்க வழியில்லை என்பது உண்மை. அப்படியிருந்தும் அதே ஆர்மோனியம் எங்கட இசை நாடக மேடையைத் தாங்கி நின்றது. எங்கட கையில் இருப்பதிலோ வளைக்க வழியும் இருக்கு.

சாம்ப்ளர் நாதஸ்வரக் கலைஞரின் இடத்தைப் பிடிக்கும் எண்டு நான் சொல்லவில்லை. அந்த மூச்சு இதில் இல்லை. ஆனால் அவரைக் கூப்பிடக் காசில்லாத பெடியள்தான் எங்கட குறும்படங்களையும் நாடகங்களையும் செய்கிறார்கள். கோயில் காட்சிக்கும் செத்தவீட்டுக் காட்சிக்கும் ஒரே தட்டையான நாதஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால், எங்களுக்குப் பிறகு வாற பிள்ளைகளுக்கு அதுதான் நாதஸ்வரம் எண்டு ஆகிவிடும். அந்தப் பழி மென்பொருளுக்கு இல்லை, எங்களுக்குத்தான்.

நான் அந்த நாடகத்தின் இசையைத் திரும்பப் போடத் தொடங்கிவிட்டேன். காந்தாரம் ஒன்றுக்கே ஒரு பின்னேரம் போனது. இப்ப அது அசையுது.