ஊர் யாருடைய பெயரில் இருக்கிறது?

சேர்வராயன் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் ஏற்காட்டின் கதையைக் கேட்டால் ஒரு வெள்ளைக்காரரின் பெயர் கட்டாயம் வரும். எம்.டி. காக்பர்ன். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் என்பதால் அவருக்கு 'ஏற்காட்டின் தந்தை' என்று பட்டம். குகைக்குள் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டுக்கொண்டு அந்த மலையிலேயே வாழ்ந்துவந்த மக்களுக்கு 1820இல்தான் அப்பா கிடைத்தார் போலிருக்கிறது!

காக்பர்ன் என்பது உண்மையில் ஒரு நிலத்தின் பெயர். ஸ்காட்லாந்தின் தென்எல்லையில் டன்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. (எழுதுவதுதான் காக்பர்ன், அவர்கள் வாயில் வருவது கோபர்ன்.) ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர் பெயர்களில் இப்படி ஊரிலிருந்து வந்தவை ஏராளம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நிலம் வாங்கிய பிரபுக்கள் அந்த நிலத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டார்கள். பட்டாவைப் பெயரிலேயே எழுதிவைத்த மாதிரி. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன ஏழைக்கும் ஊர்ப் பெயர் ஒட்டியது. ஆனால் அதைச் சூட்டியவர்கள் புது ஊர்க்காரர்கள். சொந்த ஊருக்குள் எவனையும் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களே. ஒருவனுக்கு 'இந்த ஊர் என்னுடையது' என்று அர்த்தம். இன்னொருவனுக்கு 'இவன் நம்மூர்க்காரன் இல்லை' என்று அர்த்தம்.

இதில் வாஷிங்டன் என்ற பெயரின் கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வடகிழக்கு இங்கிலாந்தில் வாஷிங்டன் என்று ஓர் ஊர். 1183 வாக்கில் ஹார்ட்பர்ன் வில்லியம் என்ற பிரபு தன் பழைய நிலத்தைக் கொடுத்துவிட்டு அந்த ஊரை வாங்கினார். ஊர் மாறியதும் பெயரையும் மாற்றிக்கொண்டார். அவர் வழிவந்தவர்தான் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். 1799இல் அவர் இறந்தபோது அவருடைய பண்ணையில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். இன்று அந்தப் பெயர் யாரிடம் இருக்கிறது? 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குப்படி, வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். அடிமையாகப் பிறந்த புக்கர், பள்ளியில் வாத்தியார் முழுப் பெயரைக் கேட்டபோது 'புக்கர் வாஷிங்டன்' என்று தானே சொல்லிப் பதிந்துகொண்டார். எஜமானின் நிலப் பெயரை நிலமில்லாத மக்கள் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். பெயர் கைமாறியது, பண்ணைகள் அப்படிக் கைமாறவில்லை.

சேர்வராயன் மலைக்குத் திரும்புவோம். அங்குள்ள பழங்குடிகளின் பெயரே 'மலையாளி'. கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மலையை ஆளுகிறவர் என்றுதான் பொருள். ஆனால் அவர்களில் பலர் இன்றைக்குக் காப்பி எஸ்டேட்டில் கூலிக்குப் போகிறார்கள். பழங்குடிப் பட்டியலிலும் அந்தப் பெயர் தனியாக இல்லை, மாவட்டங்களின் பெயரோடுதான் இருக்கிறது. சேலம் இருக்கிறது, ஈரோடு இல்லை. அதனால் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் சாதிச் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகளாகப் போராட வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்து ஊரின் பெயரோடு கடல் தாண்டி வந்தவர் இங்கே 'தந்தை' ஆகிவிட்டார். மலையின் பெயரைச் சுமப்பவர்கள் மாவட்ட எல்லையைத் தாண்டினால் பழங்குடி என்பதே போய்விடுகிறது.

நம் கதைக்கு வருவோம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. நல்ல காரியம், நமக்கு அதில் பெருமைதான். ஆனால் பட்டம் போன இடத்தில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. "எந்த ஊர் தம்பி?" சொன்னதும் அடுத்தது, "ஊர்ல எங்க?" இந்த இரண்டாவது கேள்விதான் இங்கே குடும்பப் பெயரின் வேலையைச் செய்கிறது. ஊர் என்றால் அவர்கள் தெரு, நாம் இருப்பது சேரி, இல்லையென்றால் காலனி. ஊர்த் திருவிழா, ஊர்ப் பொதுக்கிணறு, ஊர்க் கூட்டம் என்று சொல்லும்போதெல்லாம் அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் நாம் இருந்ததில்லை.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போது கை தயங்கிய மாணவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பலகையில் பூவின் பெயர் வந்தாலும் தலைவரின் பெயர் வந்தாலும், அந்தத் தெரு ஊருக்கு வெளியே தனியாக இருக்கும்வரை ஒரே வாரத்தில் அதுவும் 'அந்தத் தெரு' ஆகிவிடும்.

பாபாசாகேப்பின் குடும்பப் பெயர் சக்பால். அம்பேத்கர் என்பது ரத்னகிரி மாவட்டத்து அம்படவே ஊரிலிருந்து வந்தது. மராட்டியத்தில் ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக்கொள்வது எல்லாச் சாதியிலும் உண்டு. அங்கே தெருவைக் கேட்காமல் ஊரோடு நிற்கிற ஒரு பெயர் கிடைத்தது. நாமும் ஊர்ப் பெயரை முன்னால் போட்டு எழுதலாம், கூச்சமில்லாமல்.

கூடவே ஒரு வேலை. உங்கள் பகுதியில் பெயர் மாறிய தெரு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை யார் பெயரில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான்.