நிர்பீக்: யார் பயத்துக்கு யார் விலை போடுறது?

பேப்பர்ல ஒரு கொடூரமான செய்தி வந்தா போதும். அடுத்த நாளே யாராவது ஒருத்தர் "பொண்ணுங்க கையில ஆளுக்கொரு துப்பாக்கியைக் கொடுங்கய்யா, எல்லாம் தன்னால சரியாயிடும்"னு ஆரம்பிச்சிடுவார். கூடவே இன்னொருத்தர், "முதல் தடவை வாங்குறவங்களுக்கு, கட்டுப்படியாகுற விலையில, கைப்பைக்குள்ள அடங்குற மாதிரி நல்ல ரிவால்வர் எது?"ன்னு கேப்பார். மூணாவதா ஒருத்தர் பதிலை ரெடியா வெச்சிருப்பார்: "நிர்பீக் இருக்கே!"

மூணு பேர் மேலயும் எனக்குக் கடுப்பு இருக்கு மக்களே. மூணாவது ஆள் மேல கொஞ்சம் ஜாஸ்தி.

தெரியாதவங்களுக்காக: நிர்பீக்ங்கிறது 2014 ஜனவரியில கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை வெளியிட்ட ரிவால்வர். .32 போர், ஆறு தோட்டா, டைட்டானியம் கலந்த உலோகம், எடை அரைக் கிலோவுக்குச் சொச்சம். "பெண்களுக்கான துப்பாக்கி"ன்னு விளம்பரம். நகைப்பெட்டி மாதிரி மெரூன் கலர் பெட்டியில வெச்சுக் கொடுத்தாங்க (பொம்பளைன்னா நகைப்பெட்டிதானே, என்னா ஆராய்ச்சி!). விலை 1,22,360 ரூபாய். இந்தியில நிர்பீக்னா பயமில்லாதவர்னு அர்த்தம். நிர்பயாவுக்கும் அதே அர்த்தம்தான். 2012 டிசம்பர் 16 ராத்திரி டெல்லி பஸ்ஸுல சிதைக்கப்பட்ட அந்தப் பொண்ணுக்கு ஊடகங்கள் வெச்ச பேரை, ஒரு வருஷம் முடிஞ்ச கையோட சரக்கு மேல ஒட்டிட்டாங்க.

அந்தப் பொண்ணோட அப்பா ஏர்போர்ட்ல மூட்டை தூக்குற வேலை பார்த்தவர். சொந்த ஊர்ல இருந்த நிலத்தை வித்துப் பொண்ணைப் பிசியோதெரபி படிக்க வெச்சார். எந்தப் பொண்ணோட பேருல இந்தத் துப்பாக்கி வந்ததோ, அந்த வீட்டால அதை வாங்கியே இருக்க முடியாது. இதை விளம்பரம் எழுதினவங்க ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா கூட அந்தப் பேரைத் தொட்டிருக்க மாட்டாங்க.

சரி, உணர்ச்சியை ஓரமா வெச்சுட்டு சரக்கைப் பார்ப்போம். முதல் கேள்வி, ஏன் இந்த விலை? அமெரிக்காவுல அந்தக் காலத்துலயே ஐநூறு, அறுநூறு டாலருக்கு ஒரு ஒழுங்கான ருகரோ ஸ்மித் அண்ட் வெஸ்ஸனோ கிடைச்சுது. மலிவு ரகம் இன்னும் கீழே. நம்ம நிர்பீக் அன்னிக்கு டாலர் கணக்குல கிட்டத்தட்ட 2000. (அமெரிக்காவுல துப்பாக்கி மலிஞ்சதால நடக்குற கூத்து தனிக்கதை. நான் சொல்றது விலையை மட்டும்.) டைட்டானியம் விலை அதிகம்தான், ஒத்துக்குறேன். ஆனா முழுக் காரணம் அது இல்ல. எண்பதுகளோட நடுவுல இருந்து சாதாரண ஆளுங்களுக்காக வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்னு போச்சு. அப்போ உள்நாட்டுல ரிவால்வர் செஞ்சது அரசு ஆலை மட்டும்தான். லைசென்ஸ் கொடுக்குறதும் அரசாங்கம், போட்டியாளனை வாசல்லயே நிறுத்துறதும் அரசாங்கம், சரக்கு செய்றதும் அரசாங்கம்னா விலை எப்படிங்க இறங்கும்? 2020 வாக்குல வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி உத்தரப் பிரதேசம் ஹர்தோய் பக்கம் ஒரு உள்ளூர் கம்பெனியோட சேர்ந்து .32 ரிவால்வர் செய்ய ஆரம்பிச்சாங்க. சரி போட்டி வந்துடுச்சு, விலை இறங்கும்னு பார்த்தா, அது ஒன்றரை லட்சத்துக்கும் மேல!

இன்னொரு விஷயம், ஏன் எல்லாமே .32? ராணுவமும் போலீஸும் பயன்படுத்துற .38, .455, 9 எம்எம் எல்லாம் தடை செய்யப்பட்ட அளவுகள். சாதாரண லைசென்ஸுக்குக் கிடைக்காது. பொதுஜனம் கையில இருக்குறது சர்க்கார் துப்பாக்கியை விட ஒரு படி கீழேயே இருக்கணும்ங்கிற யோசனை வெள்ளைக்காரன் காலத்து மிச்சம். அதனால நமக்குக் கிடைக்கிறது 1896-ல அறிமுகமான .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டா. 9 எம்எம் தோட்டாவோட ஆற்றல்ல சுமார் மூணுல ஒரு பங்குதான் தேறும். அதுக்காகப் பொம்மைன்னு சொல்லிட முடியாது, ஆளைக் கொல்லும். ஆனா ஓடி வர்ற ஒருத்தனை அங்கேயே நிறுத்தும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இப்போ கைப்பை மேட்டர். எடை கம்மிங்கிறதைத்தான் பெரிய சிறப்பா சொல்றாங்க. "பொண்ணுங்களுக்கு ஏத்த லேசு." ரிவால்வர்ல ட்ரிக்கர் ஒண்ணை இழுத்தா சுத்தியல் பின்னாடி போகணும், உருளை சுத்தணும், அப்புறம் சுத்தியல் விழணும். எல்லா வேலையும் ஒரே விரல்ல. அதுக்குப் பொதுவா ஐந்து கிலோ வாக்குல விசை வேணும். துப்பாக்கி எடை அரைக் கிலோ, அதை ஆடாம பிடிச்சுக்கிட்டு அதைப் போல பத்து மடங்கு விசையில இழுக்கணும்! ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சவனுக்குக் கூட தெரியும் முனை எந்தப் பக்கம் போகும்னு. குழல் சின்னதா இருக்குறதால, முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவுல இடைவெளியும் கம்மி. கையில வர்ற சின்ன ஆட்டமும் அங்க பெரிசா தெரியும். சுத்தியலை முன்னாடியே கட்டைவிரலால இழுத்து வெச்சுக்கிட்டா ட்ரிக்கர் லேசாயிடும்தான். ஆனா நடுங்குற கையில, அப்படி இழுத்து வெச்ச ரிவால்வர் எப்போ வெடிக்கும்னு வெச்சிருக்கறவங்களுக்கே தெரியாது.

அதாவது, சின்ன லேசான ரிவால்வர்ங்கிறது நல்லா பழகினவங்க கையில இருக்க வேண்டிய பொருள். அதைப் போய் "முதல் தடவை வாங்குறவங்களுக்கு, அதுவும் பொண்ணுங்களுக்கு"ன்னு விக்கிறாங்க. கார் ஓட்டவே தெரியாதவருக்கு, சின்னதா இருக்குன்னு ரேஸ் காரை வாங்கிக் கொடுக்குற கதை.

பழகிக்கலாமேன்னு கேப்பீங்க. எங்கே? தோட்டாவுக்கு லைசென்ஸ்ல உச்சவரம்பு இருக்கு. சுட்டுப் பழக ரைஃபிள் கிளப் வேணும், அது எல்லா ஊர்லயும் கிடையாது. பத்து தோட்டாவைச் சுட்டுப் பார்த்துட்டு மிச்சத்தை "ஆத்திர அவசரத்துக்கு"ன்னு அலமாரியில வெச்சுக்கிற வீடுகள்தான் இங்க ஜாஸ்தி.

லைசென்ஸ் கதை இன்னும் அருமை. 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயசு ஆகணும். காலேஜ் போற 19 வயசுப் பொண்ணுக்கு வாய்ப்பே இல்ல. போலீஸ் விசாரணை அறிக்கை வேணும். உயிருக்கு ஆபத்துன்னு காரணம் காட்டணும். இதையெல்லாம் தாண்டிக் கையில வாங்கினாலும், கல்லூரி வளாகத்துக்குள்ள கொண்டு போகக் கூடாது, திருவிழா, பொதுக்கூட்டத்துக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு லைசென்ஸ் நிபந்தனையிலயே இருக்கு. மெட்ரோ ரயில்ல செக்யூரிட்டி விடமாட்டான். ஒரு பொண்ணு தினமும் பயந்து பயந்து போற இடங்கள்ல பாதிக்கு மேல இந்த லிஸ்ட்லயே வந்துடுச்சே சாமி!

இதையெல்லாம் விடுங்க. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட அறிக்கைகளை எடுத்துப் பாருங்க. பாலியல் வன்கொடுமை வழக்குகள்ல 90 சதவீதத்துக்கு மேல குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்ச ஆள். சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை பார்க்குறவன், காதலிச்சவன். யாரைப் பார்த்து அந்த நகைப்பெட்டியைத் திறக்கறதாம்? மாமான்னு கூப்பிட்டுக் காபி கொடுத்த ஆளைப் பார்த்தா? அதுவும் பெட்டி வீட்டுக்குள்ள எங்க இருக்குன்னு அவனுக்கும் தெரியும்.

எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம் இனிமேதான். 2013 ஜனவரியில வர்மா கமிட்டி 29 நாள்ல அறுநூறு பக்கத்துக்கு மேல அறிக்கை கொடுத்துச்சு. அதே வருஷ பட்ஜெட்ல ஆயிரம் கோடி ரூபாய்ல நிர்பயா நிதின்னு ஒண்ணை அறிவிச்சாங்க. முதல் ரெண்டு மூணு வருஷம் அதுல பெரும்பகுதி செலவாகவே இல்ல. தெருவிளக்கு, பஸ், உதவி மையம் எல்லாம் ஃபைல்ல தூங்கிட்டு இருந்தப்போ, அதே அரசாங்கத்தோட ஆலை அதே பொண்ணோட பேர்ல லட்ச ரூபாய்க்கு ரிவால்வரைக் கடைக்கு அனுப்பிடுச்சு. உங்க பாதுகாப்பு உங்க செலவு, ரசீதை மறக்காம வாங்கிக்கோங்க!

சரக்கு மாறினாலும் விளம்பரம் மாறல. 2021-ல ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைச்சு ஏழு கம்பெனி ஆக்கினாங்க. கான்பூர் கம்பெனி 2023 ஆகஸ்ட்ல 'பிரபல்'னு புது .32 ரிவால்வரை இறக்குச்சு. 50 மீட்டர் வரைக்கும் சுடுமாம். பொண்ணுங்க கைப்பையில வெச்சுக்கலாமாம். மறுபடியும் கைப்பை! ஒருத்தன் 50 மீட்டர் தள்ளி நிக்கிறான்னா ஓடறதுக்கு நேரம் இருக்கு. அந்த தூரத்துல சுட்டுட்டு "தற்காப்பு"ன்னு கோர்ட்டுல சொன்னா எந்த நீதிபதி நம்புவார்? உடனடி ஆபத்து இருந்தாத்தான் தற்காப்பு உரிமை. 2024 ஜூலையில இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தப்பவும் அந்த அடிப்படை மாறல.

உண்மையிலேயே மிரட்டல் இருக்குறவங்க, தினமும் நகையும் பணமும் கொண்டு போறவங்க சில பேர் வாங்கத்தான் செய்வாங்க. அவங்க கிட்ட நான் சொல்றது வேற. கைப்பை ரகத்தைத் தொடாதீங்க. இருக்குறதுலயே கனமான, நீளக் குழல் உள்ள சாதா .32-ஐ எடுங்க. அதுக்கு முன்னாடி ரைஃபிள் கிளப்ல சேர்ந்து அவங்க ரிவால்வரை ஆறு மாசம் சுட்டுப் பாருங்க. பாதி பேருக்கு ஆசை அங்கேயே தீர்ந்துடும், காசு மிச்சம். வாங்கித்தான் ஆகணும்னா சுவத்துல பதிச்ச லாக்கருக்கும் சேர்த்துக் காசு எடுத்து வைங்க, தோட்டாவைத் தனியா பூட்டுங்க, வீட்ல குழந்தை இருந்தா ரெண்டு தடவை யோசிங்க.

டிஸ்கி: "அப்போ பொண்ணுங்க தற்காத்துக்கவே கூடாதுன்னு சொல்றியா?"ன்னு பின்னூட்டம் போடப் போற அண்ணன்களுக்கு... உங்க வீட்டுப் பொண்ணுக்கு நிர்பீக் வாங்க லைசென்ஸ் மனு போட்டுட்டீங்களா? மனு நம்பரோட வாங்க, பேசுவோம் :-)