லொறிச் சாரதியின் பாயும் முதலாளியின் கணக்கும்

ஏ-9 வீதியால் யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிச் சாரதிகள் இரவில் எதன் மேல் படுக்கிறார்கள் என்று எந்த முதலாளியாவது கேட்டதுண்டா? டயருக்கும் படங்குக்கும் கணக்கெழுதும் இவர்கள், படுக்கை சாரதியின் சொந்த விவகாரம் என்கிறார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். தூக்கம் கெட்டவனின் கையில்தான் மறுநாள் அவர்களது லொறியும், வீதியில் செல்லும் நமது உயிர்களும் இருக்கின்றன.

பெருஞ்செலவும் இல்லை. தடித்த ஸ்பொஞ் மெத்தை வேண்டவே வேண்டாம். வன்னி வெக்கையில் வியர்வையைக் குடித்து நாறும், பகலில் சுருட்டி வைக்கவும் இடமிராது. ஆசனங்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தை மூட அளவான பலகை, அதன்மேல் மெல்லிய பஞ்சு மெத்தை, பன்பாய், விடியற்குளிருக்கு ஒரு போர்வை. எல்லாவற்றிலும் முக்கியம், யன்னல்களுக்கு நுளம்பு வலை. அது இல்லாதபோதுதான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளிரூட்டிக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உறங்க நேர்கிறது. கசியும் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020 ஆம் ஆண்டுச் சட்டம், 45 மணித்தியால வாராந்த ஓய்வை வாகனத்துக்குள் எடுப்பதையே தடுக்கிறது. தங்குமிடச் செலவும் முதலாளியுடையதே. நாம் அவ்வளவு கேட்கவில்லை. பாயும் வலையும் கேட்கிறோம். அதையும் சாரதியின் படிக்காசிலேயே வாங்கச் சொல்பவர்களை என்னவென்பது?